மர்ஜானியாவில் உப்பு இல்லை

என் வீட்டுக்காரருக்கு ஒரு மனைவி, ஒரு மகள், ஒரு நாடு. இந்த மூன்றில் அவர் அதிக நேரம் செலவழிப்பது நாட்டோடுதான்.

நாட்டின் பெயர் மர்ஜானியா. உலக வரைபடத்தில் தேட வேண்டாம். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு அலுமாரியின் இரண்டாம் தட்டில், நீல அட்டை போட்ட ஐந்து பெரிய சி.ஆர். கொப்பிகளில் எழுத்தும் படமுமாக அது இருக்கிறது. என் வீட்டுக்காரரை, சாஹுல் ஹமீது சேர் என்றால், எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். முப்பத்து மூன்று வருடம் புவியியல் படிப்பித்தவர். தவணைப் பரீட்சைக்கு உண்மையான நாட்டைக் கொடுத்தால் பிள்ளைகள் புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுகிறார்கள் என்று, ஒரு வருடம் இல்லாத நாடு ஒன்றை வரைபடமாகக் கீறி, அதில் கேள்வி கேட்டார். பரீட்சை முடிந்தது. பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். இவர் மறக்கவில்லை. அடுத்த தவணைக்கு அந்த நாட்டுக்கு ஆறுகள் வந்தன. அதற்கடுத்த தவணைக்கு அணைக்கட்டுகள். பென்ஷன் எடுத்த பிறகு பாராளுமன்றமே வந்துவிட்டது.

நான் அந்தக் கொப்பிகளைத் திறந்து பார்த்ததில்லை. ஆனாலும் ஒரே வீட்டில் இருக்கும்போது காதில் விழாமலா போகும்? மர்ஜானியாவில் இருபத்து மூன்று ஆறுகள். பத்தொன்பது நீர்மின் நிலையங்கள். தேயிலை, மிளகு, கராம்பு, ஏலம் எல்லாம் ஏற்றுமதி. இறக்குமதி ஒன்றுமே இல்லை. அதில்தான் அவருக்குப் பெருமை. “ஒரு பொருளுக்கும் வெளியாள்ட கையப் பாக்காத நாடு றம்லத்,” என்பார், என்னவோ அவரே மண்வெட்டி பிடித்து உழைத்த மாதிரி. நாங்கள் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்த அந்த வருடத்தில்தான் மர்ஜானியா அயல்நாட்டுக்கு மின்சாரம் விற்கத் தொடங்கியது. காஸ் கிடைக்காமல் நான் பின்பக்கத்தில் ஈர விறகோடு புகையில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவர் மெழுகுதிரி வெளிச்சத்தில் மேலதிக மின்சாரத்தை எந்த நாட்டுக்குக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த நாட்டின் மேல் படையெடுக்கலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

மகள் மின்ஹா என்னைப் போல இல்லை. ஒன்பது வயதில் வாப்பாவுக்கு அடிமட்டம் பிடித்துக் கோடு போடத் தொடங்கியவள், இருபத்தெட்டு வயதிலும் அதைத்தான் செய்கிறாள். பிலிமத்தலாவையில் ஒரு வங்கியில் வேலை. பின்னேரம் வந்து முகத்தைக் கழுவிவிட்டு மர்ஜானியாவில் இரண்டாவது வேலைக்குப் போய்விடுவாள். அட்டவணை எல்லாம் அவள் கையெழுத்து. வாப்பா சொல்வார், மகள் எழுதுவாள், இடையில் இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டால், “உங்களுக்கு வெளங்காது உம்மா, அது நிதியமைச்சர்ட விசயம்,” என்பாள்.

இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். மகளின் கல்யாணத்துக்குள்ளும் அந்த நாடு வந்து நுழைந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பேச வந்தால், எந்த வாப்பாவும் வேலை, குடும்பம், தொழுகை என்று கேட்பார்கள். இவர் நான்காம் கொப்பியைத் தூக்கி மாப்பிள்ளையின் மடியில் வைப்பார். ‘பொருளாதாரமும் சக்தி வளங்களும்.’ வாசித்து என்ன நினைக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். முதலில் வந்தது துபாயில் வேலை செய்கிற பிள்ளை. இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “சூப்பர் அங்கிள்,” என்றது. முடிந்தது கதை. இரண்டாவது ஒரு நகைக்கடைக்காரரின் மகன். முழுதாகப் பதினைந்து நிமிடம் வாசித்தது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு நிமிர்ந்து பார்த்து, “இந்த நாட்டுக்கு விசா லேசா எடுக்கலாமா அங்கிள்?” என்று கேட்டது.

மூன்றாவதாக ரபீகா ராத்தா கொண்டுவந்த சம்பந்தம்தான் நுஸ்கி. ரபீகா ராத்தா எனக்குத் தூரத்துச் சொந்தம், கண்டியில் பாதிக் கல்யாணம் அவர் வாயால் நடந்தது. பிள்ளை கடலோரத்துப் பிள்ளை, புத்தளம். கற்பிட்டிப் பக்கம் காற்றாலைகளில் எஞ்ஜினியர். ஆள் ஒல்லி, வெயிலில் கறுத்த முகம், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். நான்காம் கொப்பி மடிக்கு வந்ததும் அட்டையைத் தடவிப் பார்த்து, “சேர், இத நான் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிச்சிட்டுத் தரலாமா?” என்று கேட்டது.

என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முப்பது வருடத்தில் யாருமே அப்படிக் கேட்டதில்லை. கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, ரப்பர் போட்டு, சின்னப் பிள்ளையை அனுப்பிவைக்கிற மாதிரி வாசல்வரை போய்க் கொடுத்தார்.

மறுநாள் காலை மின்ஹாவின் கைபேசியில் யூடியூப் ஓடிக்கொண்டிருந்ததை நான் எட்டிப் பார்த்தேன். பாரை மீன் வெட்டுவது எப்படி. மீன் மணத்துக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறவள் அவள். அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? யா அல்லாஹ், இந்த முறை அந்த மனிசன் குழப்பாமல் இருக்க வேண்டும் என்று துஆ கேட்டேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை நுஸ்கி தனியாக வந்தது. குருநாகல் வந்து, பஸ் மாறி, இறங்கி, எங்கள் ஏற்றத்தில் மழையில் நனைந்துகொண்டு ஏறி வந்தது. ஆள் நனைந்திருந்தது, கொப்பி நனையவில்லை. இவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே என்னிடம் வந்து, “பட்டிஸ் போதாது, கட்லட்டும் போடுங்க,” என்றார். தலை துவட்டத் துவாயை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் மூன்று நாளாகக் காய்ந்தும் காயாமலும் கிடந்த துவாயை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் ஒரு துணி காய்வதென்பது பெருநாள் மாதிரி, எப்போதாவதுதான் வரும்.

நான் திரைச்சீலைக்குப் பின்னால் தட்டோடு நின்றேன்.

“கொப்பி மிச்சம் நல்லா ஈக்கு சேர். மூணு தரம் வாசிச்சேன். ஒரே ஒரு சந்தேகம்தான்,” என்றது நுஸ்கி.

“கேளுங்க மகன், கேளுங்க.” இவர் கதிரையின் நுனிக்கே வந்துவிட்டார்.

“மர்ஜானியாவுக்கு உப்பு எங்கருந்து சேர்?”

“உப்பா? மேற்குப் பக்கம் முழுக்கக் கடலீக்கே.”

“கடல் ஈக்கு சேர். ஆனா பன்னெண்டு மாசமும் மழ பேயுது. மாசா மாசம் நீங்களே மழைவீழ்ச்சி போட்டீக்கீங்க. ஆகக் கொறஞ்சது ஆகஸ்ட், அதுவும் நூத்தியெம்பது மில்லிமீற்றர். உப்பு வெளையணும்டா வெயில் வேணும், காத்து வேணும். எங்கட ஊர்ல ஒரு நல்ல மழ பேஞ்சா, பாத்தியில ஈக்கிற உப்பு முழுக்கக் கரஞ்சி போயிரும்.” பிள்ளை ஒரு பக்கத்தைப் புரட்டியது. “இறக்குமதியும் இல்லண்டு எழுதீக்கீங்க.”

நான் சிரித்திருக்கக் கூடாது. ஆனால் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்ததும், கறியைத் தொடுவதற்கு முன்பே “உப்புக் கொறவு” என்று சொல்கிற மனிதர். முப்பது வருடமாக ஒரு சனத்தையே உப்பில்லாமல் ஆண்டிருக்கிறார். தட்டு ஆடியது. திரைச்சீலையும் ஆடியிருக்கும்.

பிள்ளை அதோடு நிறுத்தவும் இல்லை. “பத்தொன்பது மின்நிலையமும் தண்ணியிலதான் ஓடுது. ஒரு வருசம் மழ பிந்திச்சிண்டா நாடே இருட்டாப் போயிரும் சேர். கொஞ்சம் காத்தும் சேத்துக்கிட்டா...”

“மர்ஜானியாவில் மழை ஒருபோதும் பொய்த்ததில்லை,” என்றார் இவர்.

அவருக்குக் கோபம் வந்தால் பாடப்புத்தகத் தமிழில் பேசுவார்.

குற்றம் யாருடையது? உலர் வலயம், ஈர வலயம் என்று ஆயிரம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர்தான். ஆனால் கண்டியில் பிறந்து, கண்டியில் படித்து, கண்டியிலேயே வாழ்ந்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு நாடு கிடைத்தால், அதில் மழையைத் தவிர வேறென்ன பெய்யும்? குடையில்லாமல் கடைக்குப் போகிற ஒரு சனம் உலகத்தில் இருக்கிறது என்பதை அவர் பரீட்சைக்காக மட்டும்தான் நம்பியிருந்தார்.

நுஸ்கி கட்லட்டைச் சாப்பிட்டு, ஸலாம் சொல்லிப் போனது. மூன்று நாள் இவர் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் காலை, தேத்தண்ணியை வைத்துவிட்டு, “அந்தப் புள்ள எங்களுக்குச் சரிவராது. ரபீகாக்குச் செல்லிருங்க,” என்றார்.

மின்ஹா வேலைக்குப் போக நின்றவள். ஹிஜாபுக்கு ஊசி குத்திக்கொண்டே, “சரி வாப்பா,” என்றாள். அழவில்லை, முகம்கூட மாறவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனாள். அந்தச் “சரி வாப்பா”வைக் கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

“இஞ்ச பாருங்க,” என்றேன். “உப்புக்காகவா ஒரு மாப்பிள்ளயத் திருப்புறீங்க?”

“உப்பு இங்கு பிரச்சினையே அல்ல.”

“புத்தகத் தமிழ் வேணாம். ஒழுங்காக் கதைங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. “அவன் சென்னது சரி றம்லத்,” என்றார். “மூணு நாளாப் பாத்தேன். எனக்குத்தான் பிழச்சிருச்சி.”

“அப்ப என்னத்துக்கு வேணாங்குறீங்க?”

“கற்பிட்டியில எத்தின மாசம் மழயே இல்ல தெரியுமா? அந்த வெயிலும் அந்த உப்புக் காத்தும். எங்கட புள்ள மழையில வளந்த புள்ள.”

“அவ என்ன ஐஸ்கட்டியா, உருகிப் போறதுக்கு?”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, “அவ போனா நான் யாரோட கதைக்கிற?” என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருடம் இந்த மனிதருக்குச் சோறு போட்டு, சட்டை ஸ்திரிக்கை பண்ணி, ஒரே கூரையின் கீழ் இருக்கிறேன், நான் என்ன கதிரையா, மேசையா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. ஏனென்றால் மர்ஜானியா என்று அவர் தொடங்கும்போதெல்லாம் அடுப்பில் கறி இருக்கிறது என்று எழும்பி ஓடியவள் நான்தான். அடுப்பில் கறி இல்லாத நாட்களிலும் ஓடியிருக்கிறேன். அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவள் மின்ஹா. அது எனக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்குத்தான் அது எனக்கு வலித்தது.

ஆனாலும் மகள் மகள்தான். “ஒங்களுக்குக் கதைக்க ஆள் வேணும்டு புள்ளய வீட்டுல வச்சிக்கொள்ற ஏலுமா?” என்றேன். “அவ வாயத் தொறந்து ஒண்டும் செல்ல மாட்டா. ஒங்கட புள்ளதானே. ஆனா பாரை மீன் வெட்டுற எப்புடீண்டு ஃபோன்ல பாத்துப் பழகுறா. தெரியுமா ஒங்களுக்கு?”

திரும்பிப் பார்த்தார். “ஆரு? மின்ஹாவா?”

“ஓம். மின்ஹாதான்.”

“மீனா?”

“மீன்தான். செதில் சீவுறதுலருந்து எல்லாம்.”

அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளூர்ப் பிள்ளை ஒருவனுக்காக அவள் கவிதை எழுதியிருந்தால்கூட அவர் இவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டார். நான் ரபீகா ராத்தாவுக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி அவர் திரும்பவும் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நான்கு நாள் அவர் மேசையை விட்டு எழும்பவில்லை. நான் தேத்தண்ணி வைக்கப் போனபோது, மேசை முழுக்க அழிறப்பர்த் துகள். முப்பது வருடத்து வரைபடத்தின் இடது பக்கம் வெறும் தாளாகக் கிடந்தது. மின்ஹாவைக் கோடு போடக் கூப்பிடவும் இல்லை. அவள் தன் அறையிலேயே இருந்தாள். வியாழக்கிழமை பின்னேரம் அவரே ஃபோனை எடுத்து நுஸ்கிக்குப் பேசினார். யாருக்கும் தானாக ஃபோன் எடுக்காதவர். “ஞாயித்துக்கிழம உம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க,” என்றார். அவ்வளவுதான். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு சம்பந்தத்தை முகத்துக்கு நேரே மறுப்பதற்காக நூறு மைல் வரவழைக்கக்கூடிய மனிதர்தான் இவர். ஆகையால் நான் வட்டிலப்பம் செய்யும்போது முட்டையோடு சேர்த்துப் பயத்தையும் கலந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நுஸ்கி, அதன் உம்மா, ரபீகா ராத்தா மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். மின்ஹா கதவோரம் நின்றாள். இவர் ஸலாம் சொன்னார், சுகம் கேட்டார், உடனே வரைபடத்தை மேசையில் விரித்தார்.

“மேற்குக் கரையில புதுசா ஒரு மாகாணம்,” என்றார். “பருவக்காத்தக் கொஞ்சம் திருப்பிட்டேன். மே தொடக்கம் செப்டெம்பர்வரைக்கும் மழ இல்ல.”

குசினிக் குழாய் இரண்டு வருடமாக ஒழுகுகிறது. அதைத் திருப்பி இறுக்க நேரமில்லாத மனிதர், பருவக்காற்றைத் திருப்பியிருக்கிறார்.

நுஸ்கி வரைபடத்தின் மேல் குனிந்தது. “உப்பளம் இதுவா சேர்?”

“ஓம். அதுக்கு வடக்கால வெறும் மணல். காத்தாலைக்கு விட்டீக்கேன். எத்தினண்டு நீங்கதான் செல்லணும்.”

“அறுவது போடலாம். ஆனா கரண்ட மலைக்கு அங்கால கொண்டு போக லைன் இழுக்கணும்.”

“லைன் இந்தக் கணவாயால வருது.”

“அப்ப மழ இல்லாத மாசத்துல காத்து தரும், காத்து இல்லாத மாசத்துல ஆறு தரும்.”

“அதத்தான் நானும் யோசிச்சேன்!”

இரண்டு பேரும் கல்யாணத்தை மறந்து கம்பி இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். நுஸ்கியின் உம்மா மெதுவாக ரபீகா ராத்தாவின் பக்கம் சாய்ந்து, “இது எந்த நாட்டுக் கத?” என்று கேட்டார். “கேக்காதீங்க,” என்றார் ரபீகா ராத்தா. மின்ஹா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அதைப் பார்த்ததும் என் பொறுமை போய்விட்டது.

“நாடு ஒரு பக்கம் ஈக்கட்டும்,” என்றேன். சபையில் அப்படிச் சத்தம் போட்டிருக்கக் கூடாது, போட்டேன். “எங்கட புள்ளக்கி என்ன பதில்?”

எல்லாரும் நிமிர்ந்தார்கள். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

“மின்ஹா. சனத்தொக அட்டவணைய எடுங்க மகள்.”

அவள் அலுமாரியைத் திறந்து முதலாம் கொப்பியை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். பேனையின் மூடியைக் கழற்றினாள். பத்தொன்பது வருடப் பழக்கம், கை தானாகவே செய்தது.

“மத்திய மாகாணத்துல ஒண்டு கழிங்க,” என்றார்.

கழித்தாள்.

“மேற்கு மாகாணத்துல ஒண்டு கூட்டுங்க.”

பேனை அந்தரத்தில் நின்றது. அவள் வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஒவ்வோர் இலக்கமாக, மெதுவாக எழுதினாள்.

“இப்ப மொத்தம்?”

“மொத்தம் அப்புடியேதான் வாப்பா,” என்றாள் மின்ஹா. சொல்லி முடிக்குமுன்பே குரல் உடைந்துவிட்டது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றி, துடைக்க ஒன்றும் இல்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நுஸ்கியின் உம்மாவுக்குப் பாவம், ஒன்றும் விளங்கவில்லை. “அப்ப இது ஓமா, இல்லையா?” என்று எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்.

“ஓம் ராத்தா, ஓம்,” என்றேன் நான். அந்த வீட்டில் அப்போது பேசக்கூடிய நிலையில் இருந்தது நான் ஒருத்திதான், அதுவும் அரைகுறையாக.